தன்னார்வக் குழுத் தலைவரின் நேரமும் கூகுள் காலண்டரும்: ஒரு மதிப்பீடு

ஊதியம் பெறுபவரின் பகல் பொழுது ஏற்கெனவே நிறுவனத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. தன்னார்வலர் அப்படியல்லர், பிழைப்பு, படிப்பு, பிள்ளைகள், வீட்டிலுள்ள முதியவர்கள் என எல்லாம் போக மிஞ்சும் ஓரிரு மணி நேரத்தைத்தான் அவர் குழுவுக்குத் தருகிறார். அவரை வழிநடத்தும் தலைவரும் பெரும்பாலும் அதே நிலையில் இருப்பவரே. ஆகவே அவருக்குரிய நேர மேலாண்மையில் தன் நேரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது ஒரு பாதி; பிறர் மனமுவந்து தந்த நேரம் வீணாகாமல் காப்பது மறுபாதி. இந்த இரண்டாவது பாதிக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைக் கொண்டே கூகுள் காலண்டரை இங்கு மதிப்பிடுகிறேன்.

2006-இல் அறிமுகமான இந்தச் சேவையில் ஒரு நிகழ்வைச் சேர்ப்பதும் நினைவூட்டல் வைப்பதும் எப்படி என்று பலரும் அறிவர். ஆனால் பெரும்பாலான குழுக்களில் தலைவர் தம் சொந்த நாட்காட்டியிலேயே கூட்டங்களைக் குறித்துக்கொள்வதுடன் நின்றுவிடுகிறார். இதன் உண்மையான பயன் குழுவுக்கென்று தனியாக ஒரு நாட்காட்டியை உருவாக்கிப் பகிரும்போதுதான் தெரியவருகிறது. நேரம் காலியா இல்லையா என்பதை மட்டும் காண்பது, நிகழ்வின் முழு விவரத்தையும் காண்பது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது என்று நான்கு படிகளில் உரிமை வழங்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டாவது உரிமையும், பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு மூன்றாவதும் போதும். "அடுத்த கூட்டம் என்றைக்கு?" என்று தலைவரைக் கேட்டுக் காத்திருக்க வேண்டிய தேவை அன்றோடு நீங்குகிறது. அந்தக் கேள்விக்கு நாள் முழுவதும் தனித்தனியே பதில் அனுப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாரந்தோறும் நடக்கும் ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். அதை ஒருமுறை தொடர் நிகழ்வாகப் பதிந்துவிட்டால், ஒரு வாரம் மட்டும் நேரம் மாறும்போது 'இந்த நிகழ்வு மட்டும்' என்று தேர்ந்தெடுத்து மாற்றலாம். மற்ற வாரங்கள் குலைவதில்லை. விளக்கப் பகுதியில் யார் கதவைத் திறப்பது, யார் பொருள்களை எண்ணி வாங்குவது, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று மூன்று வரிகள் எழுதி வைத்தால், வருபவர் வந்தவுடன் வேலையில் இறங்கிவிடுவார். அழைப்பைப் பெற்றவர்கள் வருகிறேன், வரவில்லை, வரக்கூடும் என்று பதில் தருவதோடு ஒரு சிறு குறிப்பையும் சேர்க்க முடியும். 'வரக்கூடும்' என்பவர்களைத் தனியாகக் கவனிப்பது தலைவரின் வேலை. கடைசி நேரக் குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு நாள் முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மாற்று ஆளைத் தேட அவகாசம் கிடைக்கும். மற்றொன்றையும் மறக்கக் கூடாது: விருந்தினர் பட்டியலை, அதாவது அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை, பிறர் காணும் அனுமதியை நீக்காவிட்டால் எல்லாருடைய மின்னஞ்சல் முகவரியும் எல்லாருக்கும் தெரியும். ஒருவரையொருவர் அறியாதவர்கள் நிறைந்த பெரிய குழுவில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சேவையின் அமைப்புகளுக்குள் (Settings) 'Speedy meetings' என்று பலர் கண்ணில் படாத ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கினால், புதிதாகப் பதியும் அரை மணி நேரக் கூட்டம் 25 நிமிடமாகவும், ஒரு மணி நேரக் கூட்டம் 50 நிமிடமாகவும் தானே சுருங்கிவிடும். ஒதுக்கிய காலம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955-இல் எழுதியது தன்னார்வக் கூட்டங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. நாள் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் வந்து அமர்பவரைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பிவைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. கூட்டம் நீண்டால்தான் தீவிரமாக வேலை செய்கிறோம் என்ற எண்ணம் பல அமைப்புகளில் வேரூன்றியிருப்பதால், இந்தச் சிறிய தெரிவை இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சங்களுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

கடந்த மாதங்களைத் திரும்பிப் பார்க்க முடிவது மற்றொரு பெரும் பயன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் கானமேனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். முன்பு இதே போன்ற வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் திட்டமிடுவதே இதற்கு மாற்று. ஆகவே நிகழ்வு முடிந்ததும் அது உண்மையில் முடிந்த நேரத்துக்கு ஏற்ப நாட்காட்டியைத் திருத்தி வைக்க வேண்டும். அரங்க ஏற்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் குறித்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தால், அடுத்த முறை தன்னார்வலர்களிடம் நான்கு என்றே சொல்லி அழைக்கலாம். இரண்டு மணி நேரம் என்று நம்பி வந்தவரை நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தால், அடுத்த அழைப்புக்கு அவர் வரமாட்டார். குறை எதுவும் சொல்லாமலே விலகிப்போவார்.

குறைகளும் உள்ளன. நாம் அமைக்கும் நினைவூட்டல் நமக்கு மட்டுமே. மற்றவருக்கு எப்போது மணி ஒலிக்க வேண்டும் என்பதை அவரவர் அமைப்புகளே தீர்மானிக்கின்றன. எனவே எல்லாருக்கும் முந்தைய நாள் சேதி போய்ச் சேர வேண்டுமானால் வாட்ஸ்அப் குழுவையோ தொலைபேசியையோ கைவிட முடியாது. செயலிகளோடு பழக்கமில்லாத மூத்த தன்னார்வலர்கள் உள்ள குழுவில் இது சிறிய குறையன்று.

அதைவிடப் பெரிய குறை, நாட்காட்டிக்கு முக்கியத்துவம் தெரியாது என்பது. ஒரு மணி நேர அரட்டைக் கூட்டமும், கெடு நெருங்கும் நிதி விண்ணப்பத்தை எழுதும் ஒரு மணி நேரமும் திரையில் ஒரே அளவுக் கட்டங்களாகத்தான் தெரியும். பிறருடன் சேர்ந்து செய்யும் வேலை அழைப்பாக வந்து தானே இடம்பிடித்துக்கொள்கிறது. தனியே அமர்ந்து செய்ய வேண்டியதற்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. தலைவர் அதற்கும் தாமாகவே ஒரு கட்டம் போட்டு, அதை ஒரு கூட்டத்துக்குத் தரும் அதே கண்டிப்போடு காக்க வேண்டும். குடும்பத்துக்கான மாலைகளையும் இப்படியே குறித்து வைக்கலாம். காலியாகத் தெரியும் இடமெல்லாம் குழுவுக்குரியது என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வது இயல்பு. அதற்காக அவர்களைக் குறை கூற இயலாது.

வெவ்வேறு நாடுகளில் உறுப்பினர்கள் இருந்தால் நேர வேறுபாட்டைச் சேவையே கணக்கிட்டுக் காட்டிவிடுகிறது.

நான்கைந்து பேர் மட்டுமே கொண்ட, ஒருவரையொருவர் அன்றாடம் சந்திக்கும் குழுவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சுவரில் மாட்டிய காகித நாட்காட்டியே போதும். பல பிரிவுகளாக இயங்கும் குழுவுக்கும், ஆண்டுக்கொருமுறை பொறுப்பாளர்கள் மாறும் அமைப்புக்கும் கூகுள் காலண்டரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அத்தகைய அமைப்பில் பகிர்வை நிர்வகிக்கும் உரிமையைத் தொடக்கத்திலேயே இன்னொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். பழைய நிகழ்வுகளையும் அழிக்காதீர்கள். பொறுப்பேற்கும் புதியவர் எந்த மாதத்தில் எந்த வேலை தொடங்கியது, எதற்கு எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், எது நீண்டது என்பதை அவற்றைப் பார்த்தே அறிந்துகொள்வார். முதல் சில மாதங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே அவர் கழிக்க வேண்டியிராது.