16 அடி அலுமினியப் படகு: முதல் மீன்பிடிக் காலம் முடிந்தபின்

சென்ற ஏப்ரலில் ஒருவரிடம் நேரடியாக இந்தப் படகை வாங்கினேன். ஆணி தறைந்த 16 அடி அலுமினியப் படகு, 25 குதிரைவலு நாலு-ஸ்ட்ரோக் இஞ்சின், ரெயிலர், எல்லாம் சேர்த்து 9,500 கனடிய டொலர். ஒக்ரோபர் முடிவுவரை 31 தரம் தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியின் தெற்கிலுள்ள குக்ஸ் குடா, சில நாட்களில் ஸ்கூகொக் ஏரி. படகு வாங்க யோசிக்கும் நண்பர்கள் கனபேர் விசாரித்தபடியால் எழுதுகிறேன்.

நான் அலுமினியத்துக்குப் போனதற்கு ஒரே காரணம் எடை. எங்கள் வாகனம் 680 கிலோவுக்கு மேல் இழுக்காது. இந்தப் படகோ, இஞ்சின், ரெயிலர், பெற்றோல் எல்லாம் சேர்த்தும் 600 கிலோவுக்குள் நிற்கிறது. இரண்டு பேர் ஏறினால் சில விநாடிகளில் மூக்கு இறங்கித் தண்ணீரின் மேலே வழுக்கிப் போகும். நாலு பேர் ஏறினால் அது நடக்காது, தண்ணீரை உழுதுகொண்டுதான் போகும். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று படகில் ஒட்டியிருக்கும் தகடு சொல்லும். அந்த எண்ணை நம்புங்கள், ஆனால் அந்த அளவுக்கு ஏற்றினால் 25 குதிரைவலு காணாது.

வாங்கி இரண்டாம் கிழமையே அடியில் தண்ணீர் ஊறக் கண்டேன். தறைந்த படகுகளில் ஆணிகள் காலப்போக்கில் தளரும். படகை ரெயிலரில் வைத்தபடியே, உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, வெளியே கீழே படுத்து, துளி விழும் இடங்களைச் சோக்கால் குறித்தேன். ஐந்து ஆணிகள். தம்பி உள்ளே கனமான இரும்பைப் பிடிக்க, நான் வெளியே இருந்து தட்டி இறுக்கினேன். காய்ந்தபின் உட்புறம் எபாக்ஸிப் பசை பூசினோம். பிறகு ஒரு சொட்டும் இல்லை. பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் வாங்கமுன்னமே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கூகொக்கில் இந்த உலோகத்தின் அருமை விளங்கியது. 1830களில் லின்ட்சே என்ற ஊரில் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தியதால் தாழ்நிலம் மூழ்கி இன்றைய உருவத்துக்கு வந்த ஏரி அது. சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. மூழ்கிய மரக்கட்டை ஒன்றில் மோதியபோது அடியில் உள்ளங்கை அளவு நசுங்கியது, உடையவில்லை. நீர்ச்செடிகள் இஞ்சினின் விசிறியில் சுற்றும். இஞ்சினை நிறுத்தி, உயர்த்தி, கையால் எடுப்பதுதான் வழி. அங்கே வோலாய் என்ற மீனைப் பிடிக்க 2016இல் தடை போட்டார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சத்தம் ஒரு குறை. வெறும் அலுமினியத் தரையில் ஈயக்குண்டு ஒன்று விழுந்தாலும் மேளம்போல் அதிரும், அந்த அதிர்வு நேரே தண்ணீருக்குள் போகும். தடித்த இறப்பர் விரிப்புப் போட்டபிறகுதான் ஆழமில்லாத இடங்களில் மீன் கடிக்கத் தொடங்கியது.

காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டும். அப்பா பருத்தித்துறையில் பிறந்து இருபது வருடம் வள்ளத்தில் தொழில் செய்தவர். முதல் நாள் லைஃப் ஜக்கெட்டைக் கையில் வாங்கி மடியில் வைத்திருந்தார். மே மாதத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தபின் ஒன்றும் கதைக்காமல் போட்டுக்கொண்டார். அந்தக் குளிரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் விறைத்துவிடும், நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் குடாவின் வாயில் பேர்ச் பிடித்துக்கொண்டிருந்தோம். காலையில் பார்த்த முன்னறிவிப்பில் காற்று மெல்லியதென்றே இருந்தது. அப்பா தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.

“தம்பி, வாடை திரும்பிட்டுது. வெளிக்கிடுவம்.”

குக்ஸ் குடா வடக்கே வாய் திறந்து கிடக்கிறது. வடக்குக் காற்று ஏரி முழுவதையும் கடந்து வந்து அதற்குள் இறங்கும். அரை மணித்தியாலத்தில் மூன்றடி அலை. ஏரி அலை கடல் அலைபோல் நீண்டு வராது. ஒன்றின் பின் ஒன்றாகக் கிட்டக் கிட்ட, செங்குத்தாக வரும். கரைக்குப் போகும் வழி காற்றோடு, அதாவது அலை பின்னால் இருந்து வந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன், படகின் மூக்கு முன் அலைக்குள் குத்தியது.

“அலையின்ரை முதுகிலை இரு. முந்தாதை, பிந்தாதை.”

அப்பா எழும்பாமல் நகர்ந்து பின்னுக்கு வந்தார், பெற்றோல் தாங்கியையும் இழுத்தோம். மூக்கு உயர்ந்தது. அலையின் வேகத்துக்கே விசையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். இவ்வளவு இலேசான படகில் பாரம் எங்கே இருக்கிறது என்பதே பாதிச் சுக்கான். எதிரலையில் போகும்போது அதே பாரத்தை முன்னுக்குத் தள்ளவேண்டும். இதை அப்பாவிடம் கற்றதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இப்போது வடக்குக் காற்று என்றால் சிம்கோவுக்குப் போவதில்லை.

கடதாசி வேலை சுருக்கம்: ஓட்டுபவருக்கு இயக்குநர் அட்டை, 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு இலக்கம், மீன்பிடி உரிமம். 2022 முதல் ஒன்ராறியோவில், படகைத் தெருவில் கொண்டுபோகமுன் படகின் அடித்தக்கையைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய நீர்ச்செடிகளைத் துப்புரவாக்க வேண்டும். சீப்ரா மட்டி போன்ற வெளியிலிருந்து வந்த இனங்கள் அடுத்த ஏரிக்குப் பரவாமல் இருக்க இது அவசியம். ஐந்து நிமிட வேலைதான்.

குளிர்காலத்துக்கு மூடும்போது இரண்டு விடயங்கள் அகப்பட்டன. முந்தியவர் இஞ்சினில் துத்தநாக அனோட் (இஞ்சின் அரிக்காமல் தான் முதலில் அரியும் உலோகத் துண்டு) பூட்டியிருந்தார். நன்னீரில் அது சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் போட்டேன். மற்றது ரெயிலரில் படகு குந்தும் பலகைகள். உக்காமல் இருக்கச் செப்பு மருந்தேற்றிய பச்சைப் பலகை அது. ஈரத்தோடு அலுமினியத்தில் அழுந்தி இருந்தால் செப்பு உலோகத்தைத் தின்னும். பலகைகளைச் சுற்றியிருந்த கம்பளத்தைக் கழற்றியபோது அடித்தகட்டில் வெண்பொடியும் சிறு குழிகளும் தெரிந்தன. இன்னும் ஓட்டையாகவில்லை. மருந்தேற்றாத சீடர் மரப் பலகை வெட்டி வைத்திருக்கிறேன். பனி கரைந்ததும் படகை இறக்கி மாற்றவேண்டும்.