எலுமிச்சையில் சொறி, பிசின், கோரை: இயற்கை முறைகளில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை

புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கத்து எலுமிச்சைத் தோப்புகளில் மூன்று தலைவலி உண்டு: இலையிலும் காயிலும் சொறி, தூரில் பிசின் வடிதல், பாத்தி முழுக்கக் கோரை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரைசல் தேடுவதுதான் வழக்கம். சில மழைக்காலம் தாண்டிப் பார்த்தால், பாதிக் கோளாறு மண்வெட்டியிலும் தண்ணீர் பாய்ச்சும் விதத்திலும் இருப்பது தெரியும்.

பிசின் நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை மாதிரியான மண் நுண்ணுயிரி. ஈரம் நின்றால் பெருகும், காயம் கிடைத்தால் பட்டைக்குள் நுழையும். வட்டப்பாத்தியில் தூர் நனையும்படி தண்ணீர் கட்டுகிற தோப்பில் எந்தப் பசையைப் பூசினாலும் மறுவருடம் திரும்ப வடியும். தூரைச் சுற்றி இரண்டடி தள்ளி உள்வரப்பு போட்டு, அதற்கும் கிளை நுனி நிழலுக்கும் நடுவில் மட்டும் தண்ணீர் விடும் இரட்டை வட்டப்பாத்திதான் முதல் மருந்து. செலவு ஒரு ஆள் கூலி.

ஏற்கெனவே வடிகிற மரத்தில், கறுத்து ஈரமாக இருக்கும் பட்டையைக் கூரான கத்தியால் நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, சீவலைப் பொறுக்கி எரித்துவிட்டு, போர்டோ பசை பூச வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் வரை, மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை. தூர்ச்சுற்றில் பாதிக்கு மேல் பட்டை அழுகியிருந்தால் அந்த மரத்துக்குச் செலவழிப்பது வீண்.

சொறிக்குத் தெளிப்பது 1 சதவீத போர்டோ கலவை. அதே ஒரு கிலோவும் ஒரு கிலோவும்தான், தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாக, பிளாஸ்டிக் டிரம்மில் கரைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பிறகு சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை அதில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் துளிர் கருகும். பெரும்பாலும் தப்பு நடப்பது சுண்ணாம்பில்தான்: மூட்டை பிரித்து நாளாகி, காற்றுப் பட்டுப் பொடியானது வேலை செய்யாது. கலந்ததை அன்றே தெளித்துவிட வேண்டும்; மறுநாள் அது திரிந்த பால் மாதிரி அடியில் தங்கிவிடும்.

இதை ‘முழு இயற்கை’ என்று சொல்வது கொஞ்சம் ஏமாற்று. செம்பு மண்ணில் சேரும், மண்புழுவுக்கு ஆகாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மூன்று நான்கு தெளிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு முன்பே, ஐப்பசி மழை தொடங்குமுன் காய்ந்த நாளில், சொறிபிடித்த குச்சிகளைக் கவாத்து செய்து எரித்துவிட வேண்டும். மழையில் வெட்டினால் சொறியை உண்டாக்கும் பாக்டீரியாவை நாமே பரப்பியதாகும்.

பலரும் விட்டுவிடுவது இலைத்துளைப்பானை. துளிரில் வெள்ளிக்கோடு போட்டபடி புழு போகும் தடத்தில்தான் சொறி முதலில் பிடிக்கும். துளிர் விரல்நீளம் வரும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்க வேண்டும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் காதிசோப்பு சேர்த்து மாலையில் தெளிப்பது. எட்டு மாதத்துக்கு மேல் பழசான கொட்டையில் வீரியம் இருக்காது. பஞ்சகவ்யம் துளிரை நன்றாகத் தள்ளும், சொறியைக் குணப்படுத்தாது. அடைமழையில் அடித்தால் நோய்க்கு இளந்துளிர் பரிமாறியதாகிவிடும்.

களைக்கு வருவோம். எலுமிச்சையின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே இருக்கின்றன. மரத்தடியில் ஆழமாகக் கொத்தினாலும் ரோட்டவேட்டர் ஓட்டினாலும் வேர் அறுபடும், அந்தக் காயம் பைட்டோப்தோராவுக்கு வாசல். கோரைக்கும் அதனால் கொண்டாட்டம்தான். ஒரு கோரையை மெல்லப் பிடுங்கிப் பார்த்தால், கம்பி மாதிரி வேரில் மணி கோத்ததுபோலக் கிழங்குகள் வரும். சங்கிலி அறுந்ததும் அதுவரை உறங்கிய கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும். வினிகர் மேலிலையை மட்டும் பொசுக்கும், சில நாளில் புதுக்குருத்து வந்துவிடும். உப்புக் கரைசல் பக்கமே போகக்கூடாது, எலுமிச்சை உப்பைத் தாங்காது. பிளாஸ்டிக் மூடாக்கையும் கோரைக் குருத்து குத்தி வெளியே வரும்.

கோரைக்கு ஆகாதது நிழல். வரிசை நடுவே சணப்பை நெருக்கமாக விதைத்து, பூவெடுக்கும் சமயம், 45 நாளில் அறுத்து அப்படியே மூடாக்காகப் போட வேண்டும். அதன்மேல் தென்னை மட்டை, சருகு சேர்த்து அரையடி கனம். தூரிலிருந்து ஓரடி தள்ளியே போட வேண்டும். ஒட்டிப் போட்டால் ஈரம் தங்கிப் பிசின் நோயை நாமே கூப்பிட்டதாகும். ஒரே பருவத்தில் கோரை ஒழியாது, குறைந்து மெலியும்.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி போடுபவர்கள் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது போடலாம். போர்டோ கலவை தெளித்த கையோடு போட்டால் செம்பு அதையும் கொன்றுவிடும்; இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.