கத்தி வடிவத்தை யாரிடம் காட்டுவது?

பொழுதுபோக்காகக் கத்தி செய்பவருக்குச் சிங்கப்பூரில் எஃகு கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. முகத்துக்கு நேராகக் குறை சொல்லும் ஆள் கிடைப்பதுதான் அரிது. சமையல் கத்தி ஒன்றின் வடிவத்தைப் பற்றிக் கருத்துக் கேட்க நான்கு வகையினரிடம் போகலாம்: நம்மைப் போலவே கத்தி செய்பவர்கள், உணவகச் சமையற்காரர்கள், ஈரச்சந்தையில் மீனும் இறைச்சியும் வெட்டுபவர்கள், வீட்டில் அன்றாடம் சமைப்பவர்கள்.

கத்தி செய்யும் நண்பர்களின் கண் முதலில் போவது வேலைப்பாட்டின் மேல். அலகின் இரு பக்கச் சரிவும் ஒரே இடத்தில் தொடங்குகிறதா, பிடிக்கட்டைக்கும் எஃகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிகிறதா, உப்புத்தாள் கீறல் எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்து உறுதியாக்கும் வேலையான பதம் போடும் விஷயத்தில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1095 என்ற கார்பன் எஃகு வகையை ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி எண்ணெயில் தோய்த்த பிறகு, 200 டிகிரி அளவில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும் என்பதையும், அதைத் தவிர்த்தால் விளிம்பு சில்லுச் சில்லாக உடைந்து போகும் என்பதையும் எந்தச் சமையற்காரரும் சொல்லித்தர மாட்டார்.

ஆனால் வடிவம் என்று வரும்போது இவர்கள் தீர்ப்பை நான் பாதிதான் நம்புவேன். கத்தி செய்பவர்களுக்கு அலகின் தடித்த முதுகின் மேல் ஒரு காதல் உண்டு. நான்கு மில்லிமீட்டர் முதுகு படத்தில் கம்பீரமாகத் தெரியும். கேரட்டில் இறக்கினால் ஆப்பு வைத்தது போல் அதைப் பிளக்கும். காய்கறிக் கத்தியின் நேர்த்தி, விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. அங்கே அரை மில்லிமீட்டருக்கும் கீழே போக வேண்டும். எந்தப் படத்திலும் இது தெரியாது.

சிராங்கூன் சாலைப் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் சமையற்காரரிடம் அதே கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். எஃகின் பெயரைக் கேட்கமாட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகையே கிள்ளிப் பிடிப்பார். பிடிக்கட்டையை நாம் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியிருப்போம். அவருடைய மூன்று விரல்கள்தான் அதைத் தொடும். கூர்மையாக விட்டுவிட்ட முதுகின் ஓரம் ஒரு கிலோ வெங்காயம் முடிவதற்குள் அவர் விரலைச் சிவக்க வைத்துவிடும். பிடியை ஒட்டிய அலகின் அடிப்பகுதி நாற்பத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் விரல் கணு பலகையில் இடிக்கும். இவை வரைபடத்தில் தோன்றாத குறைகள்.

சமையற்காரரின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. "தம்பி, கனமாக இருக்கிறது" என்றால் பெரும்பாலும் எடையைச் சொல்லவில்லை, எடை பிடிப்பக்கம் தங்கியிருப்பதைச் சொல்கிறார். பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பழக்கமும் குறுக்கே நிற்கும். முனையை ஊன்றி ஆட்டி மல்லித்தழை நறுக்குபவர் வளைந்த விளிம்பு கேட்பார். சீன வெட்டுக்கத்தியால் நேராக இறக்கிப் பழகியவர் அந்த வளைவையே குறை என்பார். அதனால் ஒருவரிடம் மட்டும் கேட்டு அலகை மாற்றிவிடாதீர்கள். மதிய நேரக் கூட்டத்தில் போய் நிற்பதும் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் போனால் தேநீரும் கிடைக்கலாம்.

தேக்கா சந்தையின் மீன்கடைக்காரரும் ஆட்டிறைச்சி வெட்டுபவரும் எலும்பு, ஈரம், வேகம் மூன்றையும் வைத்துத்தான் பேசுவார்கள். வெட்டுக்கத்தி செய்வதானால் நேரே அங்கே போகலாம். காய்கறிக் கத்திக்கு அவர்கள் கருத்து தேவையில்லை; ஈரக்கையில் பிடி வழுக்குகிறதா என்பதற்கு மட்டும் அவர்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். பிள்ளை செய்தது என்ற பாசம் வேறு. கேட்பதைவிடக் கத்தியை அங்கேயே சில வாரம் விட்டுவிடுவது மேல். கார்பன் எஃகு எலுமிச்சை, வெங்காயம், புளி பட்ட இடத்தில் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். திரும்பி வரும்போது முனை மட்டும் பளபளப்பாக இருந்தால், அந்த முனைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை என்று பொருள். நம் ஊர் ஈரக்காற்றில் துடைக்காமல் வைத்த இடத்தில் துரு வேறு பூத்திருக்கும்; அதுவும் ஒரு விமர்சனம்தான்.

யாரிடம் கேட்கிறோம் என்பதோடு எப்போது கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பதம் போட்ட எஃகில் சாதாரணத் துளைமுனை இறங்காது, பிடிக்கட்டையைப் பொருத்தும் ஆணித் துளையை நகர்த்த முடியாது. அலகை மேலும் தேய்க்கலாம். ஆனால் தேய்க்கும்போது சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. ஆகவே வடிவத்தைப் பற்றிய கேள்வியெல்லாம் மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அறுத்த மாதிரியோடு முடிந்துவிட வேண்டும். பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் கடுமையாகப் பார்க்கும் ஊர் இது. மரமாதிரி என்றால் பையில் போட்டு ரயிலில் நிம்மதியாகப் போகலாம்.

என் தேர்வு இது. மரமாதிரிக் கட்டத்தில் சமையற்காரர். பதம் போடும் முன் கத்தி செய்யும் நண்பர். முடிந்த பிறகு வீட்டுச் சமையலறை. சமையற்காரரிடம் போகும்போது அடி உயரத்திலோ வளைவிலோ மட்டும் மாறுபடும் இரண்டு மாதிரிகளைக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் நீட்டி "எப்படி இருக்கிறது?" என்றால் மரியாதைக்குத் தலையாட்டுவார். இரண்டை நீட்டினால் ஒன்றைக் கீழே வைத்தே ஆக வேண்டும். ஏன் அதை வைத்தார் என்று அப்போது கேளுங்கள்.