அளந்த பிறகே வெட்டும் பட்டறை: கணபதியில் பழைய கார்களுக்கான லேத் வேலை

பழைய காரை வீட்டிலேயே பராமரிப்பவருக்குப் பெரும்பாலான வேலைகளில் வெளியாள் உதவி தேவைப்படுவதில்லை. பாயின்ட் இடைவெளி வைப்பது, டேப்பட் சரிசெய்வது, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது, வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் போடுவது ஆகியவற்றை ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் வீட்டு முன்வாசலிலேயே முடித்துவிடலாம். உலோகத்தைக் கடைய வேண்டிய வேலை வந்தால் மட்டும், பாகத்தைச் சுழற்றிச் சீவும் லேத் இயந்திரம் உள்ள பட்டறைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ஒருமுறை கூடுதலாகச் சீவிவிட்டால் அந்தப் பாகம் போனது போனதுதான். பிரீமியர் பத்மினி காரின் உற்பத்தி நின்று ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிவிட்ட நிலையில், மாற்றுப் பாகம் கிடைக்கும் என்ற தைரியத்தில் யாரும் வேலை கொடுக்க முடியாது. எனவே, என் பத்மினிக்காக நான் நம்பிப் போய்வரும் பட்டறையைப் பற்றி விரிவாக எழுதுவது பிறருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். அது கோவை கணபதியில், பம்ப் செட் பட்டறைகள் நெருங்கியிருக்கும் சந்து ஒன்றில் இருக்கிறது. இருக்கிற வேலையே தலைக்கு மேல் கிடப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார்.

இந்தப் பட்டறையின் சிறப்பு, அளக்காமல் மெஷினை ஓட்டுவதில்லை என்பதே. சென்ற முறை பின் சக்கரத்து பிரேக் ட்ரம்கள் இரண்டையும் எடுத்துச் சென்றிருந்தேன். பெடலை மிதிக்கும்போது காலில் துடிப்பு தெரிந்ததால், ட்ரம் வட்டம் தவறியிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உரிமையாளர் ட்ரம்மை, லேத்தில் பாகத்தை இறுகப் பிடிக்கும் நான்கு தாடை சக்கில் மாட்டி, முதலில் ஹப்பில் உட்காரும் மையத் துளையை வைத்து மையம் பார்த்தார். அதன் பிறகுதான் நுண்ணிய மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை, பிரேக் ஷூ உரசும் பரப்பில் வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஓரிடத்தில் ஏறி, கால் சுற்றுக்குப் பின் இறங்கி, எதிர்ப்புறத்தில் மீண்டும் ஏறியது. தேய்ந்த பரப்பையே ஆதாரமாக வைத்து மையம் பார்க்கும் பட்டறைகளும் உண்டு. அப்படிக் கடைந்த ட்ரம் லேத்தில் வட்டமாகத் தெரிந்தாலும், காரில் மாட்டியதும் மையம் விலகி ஓடும்.

ஒரு ட்ரம்மை மெல்லிய சீவலாக எடுத்து முடித்தவர், மற்றொன்றின் விட்டத்தை அளந்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். "இதுல இனி எடுத்தா மலை எறங்கும்போது சூட்டுல விரிஞ்சுக்குங்க. வேற ட்ரம் பாருங்க," என்றார். கூலி வாங்கிக்கொண்டு கடைந்து கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. நான்கு சக்கரங்களிலும் ட்ரம் பிரேக்கை மட்டுமே நம்பி வால்பாறையிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இறங்கும் வண்டிக்கு இந்த மறுப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பழைய கார் ஓட்டுபவர்கள் அறிவார்கள். உக்கடத்துப் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் தேடி நான் கொண்டுவந்த மாற்று ட்ரம்மை, முதல் ட்ரம்மின் விட்டத்துக்கே சரியாகக் கடைந்து கொடுத்தார். ஒரே அச்சில் இரண்டு ட்ரம்களும் வெவ்வேறு விட்டத்தில் இருந்தால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதை நான் சொல்லும் தேவையே எழவில்லை.

எனினும், என்னைப் பெரிதும் கவர்ந்தது கார்புரேட்டர் வேலைதான். பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டாம்பூச்சித் தட்டைத் தாங்கும் ஸ்பின்டில் என்ற தண்டு, பல்லாண்டு ஓட்டத்தில் தன் துளையைத் தேய்த்து அகலமாக்கிவிடும். அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று நுழைவதால், எவ்வளவுதான் ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) நிலைக்காது. ஜெட்டை மாற்று, பாயின்ட்டை மாற்று என்று பலர் செலவழித்துக்கொண்டே போவது இதைக் கவனிக்காததால்தான். ஸ்பின்டிலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாலே ஆட்டம் தெரிந்துவிடும். இந்தப் பட்டறையில் துளையை விரித்து, பித்தளை புஷ் (தண்டு சுழலும் சிறு குழல்) இறக்கி, இரு பக்கப் புஷ்களையும் துளையைச் சீராக்கும் ஒரே ரீமரால் ஒரே நேர்கோட்டில் சீர்செய்கிறார்கள். நேர்கோடு தவறினால் தட்டு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால், விரலால் தட்டைத் திறந்துவிட்டு, ஸ்பிரிங்கின் இழுப்பில் அது தானாக மூடுவதைப் பார்த்த பிறகே கையில் கொடுத்தார்கள். கிணற்று மோட்டாருக்கும் பம்புக்கும் நாள்தோறும் புஷ் போட்டுப் பழகிய கைகளுக்கு இது அதே வேலையின் சிறிய வடிவம். ஜி.டி. நாயுடு காலத்திலிருந்து மோட்டாரும் பம்பும் செய்துவரும் ஊரில் வாழ்வதன் பலனைப் பழைய கார்க்காரர்கள் இப்படித்தான் அனுபவிக்கிறோம்.

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வேலையும் நிறைவானதே. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இந்த எஞ்சின், ஒருமுறை தண்ணீர் வற்றிச் சூடேறினாலும் ஹெட் வளைந்துவிடக்கூடியது. ஸ்ட்ரெய்ட் எட்ஜைக் குறுக்கும் மூலைவிட்டமுமாக வைத்து அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று எனக்கே காட்டிவிட்டு, வளைவு போகும் அளவுக்கு மட்டும் பரப்பைச் சமமாகச் சீவி ஃபேசிங் செய்தார். கூடுதலாக எடுத்தால் எரியறை சிறுத்து, அழுத்த விகிதம் உயர்ந்து, ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கும். ஹெட்டைத் திரும்ப மாட்டியதும் டேப்பட் இடைவெளியைப் புதிதாக வைப்பது நம் பொறுப்பு.

தேய்ந்த சிலிண்டர் துளையை அகலமாக்கும் போரிங் வேலையை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஆனால், அகலமாக்கிய துளைக்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் கொண்டுவராதவரின் பிளாக்கை அவர் தொடுவதில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பத் துளையிடுவதே சரியான முறை.

குறைகளும் உள்ளன. எடுத்த அளவுகளை எழுதிக் கொடுப்பதில்லை. கேட்டால் வாயால் சொல்கிறார். அடுத்த முறை எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டியிருப்பதால், ட்ரம்மின் விட்டத்தை நானே நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங்கைப் புதிய விட்டத்துக்கு ஏற்பத் தேய்க்கும்போது தூசு உறிஞ்சும் ஏற்பாடு எதுவும் இல்லை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை, அவரிடமும் சொல்லியிருக்கிறேன். பாகங்கள் உலோகத் துகளோடுதான் திரும்பி வருகின்றன, ஆகவே ஹெட்டின் ஆயில் வழிகளை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடிக்காமல் மாட்டக்கூடாது. கோடையில் கிணற்று மோட்டார்கள் குவிந்துவிட்டால் கார் வேலை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். "தென்ன காயுதுன்னு வந்து நிக்கறாங்க, நீங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று அவர் சொல்லும்போது அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கூலி நியாயமானது. இரண்டு ட்ரம் கடைவதற்கு ஆகும் செலவு, டேங்கில் பாதி பெட்ரோல் நிரப்பும் செலவுக்குள் அடங்கிவிடுகிறது. அவசரமாக வண்டியை எடுக்க வேண்டியவர்களுக்கு இப்படிப்பட்ட இடம் ஒத்துவராது. ஐப்பசி மழை பிடித்ததும் மோட்டார் வேலை குறைந்துவிடும். ட்ரம்மோ ஹெட்டோ கொடுப்பவர்கள் அப்போது கொண்டுபோவது நல்லது. பாகங்களைக் கிரீஸ் போகக் கழுவி, ட்ரம்மோடு அதன் ஷூக்களையும், கார்புரேட்டரோடு ஸ்பின்டில், தட்டு, ஸ்பிரிங் அனைத்தையும் சேர்த்து எடுத்துச் சென்றால் இரண்டாம் முறை அலைய வேண்டியிருக்காது.