மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? ஆபரேஷன் தேதிக்கு காத்திருக்கற நேரத்துல போட்ட கணக்கு

அம்மாவுக்கு இதயத்துல இடப்பக்கம் இருக்கற மைட்ரல் வால்வ மாத்தணும்னு தேதி குடுத்துட்டாங்க, இன்னும் 3 வாரம் இருக்கு. தேதி சொன்ன கையோட சர்ஜன் "மெட்டலா டிஷ்யூவான்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க"ன்னுட்டார். நாங்க என்னத்த பேசுறது, புடவை எடுக்கறதுக்கே நாலு கடை ஏறி எறங்குற குடும்பம். மாமா மெட்டல்ங்கறார், சித்தி டிஷ்யூங்கறாங்க, பெரியம்மா "மாடா பன்னியா, அத முதல்ல கேட்டுச் சொல்லு"ங்கறாங்க.

அம்மாவுக்கு இப்ப 56. சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், முட்டி வீக்கம்னு மாசக்கணக்கா கிடந்திருக்காங்க, யாரும் பெருசா எடுத்துக்கல, அந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் வால்வ சுருக்கி இப்ப மாடிப்படி ஏறவிடாம பண்ணுது. ஆபரேஷன் இல்லாம பலூன் விட்டு விரிச்சுடலாமான்னுதான் முதல்ல பாத்தாங்க, ஆனா எக்கோல கால்சியம் படிஞ்சிருக்கு, லீக்கும் இருக்கு, பலூன் வேலைக்காவாதுன்னுட்டாங்க.

சரி, மெட்டல். பேருதான் மெட்டல், வெளிநாட்டு வால்வுல திறந்து மூடுறது ரெண்டு கார்பன் அரைத்தட்டு. நம்ம திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா இன்ஸ்டிட்யூட்ல உருவாக்கின சித்ரா வால்வுல ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டுதான், அது சாஞ்சு சாஞ்சு வழிவிடும். 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வெச்சது, விலையும் கம்மி. எதுவா இருந்தாலும் பொதுவா தேயாது, ஆயுசுக்கும் வரும்னு நம்பலாம். தொல்லை வேற எடத்துல. ரத்தம் அதுமேல உறைஞ்சு ஒட்டாம இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாகற வரைக்கும் சாப்பிடணும். புதுசா வந்த ரத்தம் உறையாத மாத்திரைங்க இதுக்கு ஆகாது, டாபிகாட்ரான்னு ஒண்ண சோதிச்சுப் பாத்து அடைப்பும் ரத்தக்கசிவும் அதிகம்னு 2012 கடைசில பாதியிலயே நிறுத்திட்டாங்க. மாத்திரை மட்டும் போதாது, ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட்டும் எடுத்துட்டே இருக்கணும், மைட்ரல்ல மெட்டல் போட்டா 2.5ல இருந்து 3.5க்குள்ள நிக்கணும், கீழ போனா அடைப்பு, மேல போனா ரத்தக்கசிவு.

டிஷ்யூன்னா மாட்டு இதயத்த சுத்தி இருக்கற ஜவ்வுல செஞ்சது, இல்லன்னா பன்னியோட வால்வு (பெரியம்மாவுக்கு பதில் சொல்லியாச்சு, கொஞ்ச நேரம் பேசவே இல்ல). மாத்திரை 3 மாசமோ 6 மாசமோ போதும், அப்புறம் நிம்மதி. ஆனா 10, 15 வருஷத்துல தேயும், வயசு கம்மியா இருந்தா சீக்கிரமாவே தேயும், அதுலயும் மைட்ரல் பக்கம் அழுத்தம் ஜாஸ்தி. அம்மாவுக்குன்னு பாத்தா 70 வயசு வாக்குல மறுபடி நெஞ்ச திறக்கணும். இப்ப தொடை வழியா பழைய வால்வுக்குள்ளயே புது வால்வ வெக்கறாங்கதான், ஆனா அந்த செலவ கேட்டப்ப மாமா வாட்ச்ச பாத்துட்டு பேச்ச மாத்திட்டார். முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம்ங்கறதெல்லாம் இன்னைய கணக்கு, 2040ல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும். 65 தாண்டினா டிஷ்யூ, அதுக்கு கீழன்னா மைட்ரலுக்கு மெட்டல்னுதான் பொதுவா டாக்டருங்க சாய்வாங்க. குழந்தை பெத்துக்கற வயசுப் பொண்ணுன்னா கணக்கே வேற, வார்ஃபரின் கருவ பாதிக்கும்.

நான் முதல்ல டிஷ்யூ பக்கம்தான், ஏன்னா எங்கம்மாவ எனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரைய கல்யாண வீட்டுக்குப் போனா மறந்துட்டு வர்ற ஆளு. இதுல எங்க போய் ஆயுசுக்கும் மாத்திரை. ஆனா ஈசிஜில இதயத்துடிப்பு ஏறுக்குமாறா இருக்கு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதுல இதயத்துக்குள்ள ரத்தம் உறையலாம்னு சொல்லி அசிட்ரோம இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. அங்கதான் என் வாதம் படுத்துடுச்சு, டிஷ்யூவோட பெரிய லாபமே மாத்திரை இல்லங்கறதுதானே, அந்த துடிப்புக்காக எப்படியும் மாத்திரை தொடரணும்னா அப்புறம் எதுக்கு ரெண்டாவது ஆபரேஷன வேற வாங்கிக்கணும். ஆபரேஷன் பண்ணும்போதே துடிப்பையும் சரி பண்ண ஒரு முறை இருக்காம், ஆனா இவ்ளோ வருஷம் இழுத்த கேஸுல நிக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னார் சர்ஜன்.

அதனால இந்த காத்திருக்கற காலமே எங்களுக்கு ஒத்திகை ஆயிடுச்சு. இப்போதைக்கு ஐஎன்ஆர் 2ல இருந்து 3க்குள்ள இருந்தா போதும்னாங்க. முதல் வாரம் 1.6. ரெண்டாவது வாரம் பல்லு விளக்கும்போது துப்பினதெல்லாம் செவப்பா வந்துச்சு, வாஷ்பேசின்ல பாத்துட்டு அம்மா தண்ணிய ஊத்தி கழுவிட்டாங்க, யாருக்கும் சொல்லல, பிரஷ்ல இருந்த கறைய பாத்து நாந்தான் கண்டுபிடிச்சேன். டெஸ்ட் எடுத்தா 4.2. விசாரிச்சா உடம்பு வலின்னு தெருமுனை மெடிக்கல்ல நாலு மாத்திரை செட்டு வாங்கி மூணு நாள் போட்டிருக்காங்க. எங்க ஊரு லேப்ல காலைல ரத்தம் எடுத்தா வெளியூருக்கு அனுப்பி மறுநாள்தான் ரிசல்ட்டு வேற. இப்ப சாயங்காலம் 6 மணிக்கு மாத்திரை, மறக்காம இருக்க சாமி விளக்கு பக்கத்துலயே டப்பா, விளக்கேத்தாம இருக்க மாட்டாங்கல்ல. கீரை மாத்திரையோட வேலைய குறைக்கும்னு அம்மா கீரையவே நிறுத்திட்டாங்க, அது தேவையில்ல, வாரத்துக்கு ரெண்டு தடவை முருங்கைக்கீரைன்னா எப்பவும் அதே அளவா இருக்கட்டும், ஒரு வாரம் கட்டு கட்டா தின்னுட்டு அடுத்த வாரம் விடறதுதான் தப்புன்னு டயட்டீஷியன் சொன்னாங்க. மூணாவது வாரம் 2.4, நாலாவது 2.7.

மெட்டல்னே சொல்லிட்டோம். இது எங்க வீட்டு கணக்குதான், உங்க வீட்ல ஐஎன்ஆர் எடுக்க 60 கிலோமீட்டர் போகணும், கூட்டிட்டுப் போக ஆளும் இல்லன்னா, 56லயும் டிஷ்யூ வெச்சுக்கறது எனக்கு தப்பா படல.

மத்த தயாரிப்பெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வயசு 40 தாண்டினதால ஆஞ்சியோ எடுத்தாச்சு, அடைப்பு இல்ல. ரத்தம் குடுக்க தம்பியோட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு. ஆபரேஷனுக்கு சில நாள் முன்னாடி அசிட்ரோம நிறுத்திட்டு, ரத்தம் உறையாம பாத்துக்க ஹெப்பாரின் ஊசி போடுவாங்களாம். மூணு பந்து இருக்கற ஊதுற டப்பா குடுத்திருக்காங்க, ஊதுறதுன்னு பேரு, உண்மையில உறிஞ்சணும், இது புரியவே ரெண்டு நாள் ஆச்சு. கைய ஊனாம பக்கவாட்டுல திரும்பி எந்திரிக்கறது, இருமும்போது தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கறது எல்லாம் இப்பவே பழகுறாங்க, எலும்பு ஒட்ட 6, 8 வாரம் ஆகும்ல. பல்லுல கிருமி இருந்தா புது வால்வுக்கு பரவிடும்னு பல் டாக்டர் சர்டிபிகேட் இல்லாம அட்மிஷனே கிடையாது. கடவாய்ப்பல்லு ஒண்ண புடுங்கணுமாம், அசிட்ரோம் ஓடுறதால அதுக்கும் முன்னாடி ஒரு ஐஎன்ஆர் எடுத்துட்டு வரச் சொல்லிருக்காங்க, நாளைக்கு காலைல லேப்புக்கு போகணும்.