ஃபர்னஸில் ஹியூமிடிஃபையர் பூட்டப் போகிறீர்களா? காசு கொடுக்க முன் இதைப் பாருங்கள்

பிராம்ப்டனில் ஒரு வீட்டுக்கு நவம்பரில் பைபாஸ் ஹியூமிடிஃபையர் பூட்டப்பட்டது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றில் ஒரு பங்கை, தண்ணீர் ஊறிய பேட் வழியாக விட்டு ஈரமாக்கும் பெட்டி அது. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஜனவரியில் யன்னல் அடிச்சட்டமெல்லாம் தண்ணீர். பேஸ்மென்ட் சீலிங்கில் மஞ்சள் கறை. பூட்டியவரைக் கேட்டால், "கனடாக் குளிருக்கு அப்படித்தான் அண்ணை இருக்கும்" என்றார். அப்படி இருக்காது.

கறைக்குக் காரணம், பெட்டிக்குத் தண்ணீர் எடுக்கப் பூட்டிய சாடில் வால்வு. செப்புக் குழாயில் ஊசியால் துளைத்து, ஒரு ரப்பர் வாஷரை நம்பி இறுக்கிவிடும் மலிவுச் சாமான். ரப்பர் காய்ந்தால் சொட்டும், ஊசித் துளை உப்புப் படிந்து அடைக்கும். குழாயை வெட்டி T வடிவ இணைப்புப் போட்டு, கால் திருப்பில் மூடும் பந்து வால்வு (ball valve) வைப்பதே முறை. அதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் பிடிக்கும். அதைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்.

யன்னல் தண்ணீருக்குக் காரணமான பெரிய பிழை ஹியூமிடிஸ்டாட்டில், அதாவது ஈரப்பதத்தை அளந்து பெட்டியை ஓட்டி நிறுத்தும் கருவியில். அதை, சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் சப்ளை டக்டில் வைத்துவிட்டார். 21 பாகையில் 30% ஈரப்பதம் உள்ள காற்றை 45 பாகைக்குச் சூடாக்கினால் அதே காற்று 8% என்றுதான் காட்டும். ஆகவே வீடு எவ்வளவு நனைந்தாலும் கருவி "இன்னும் வேணும்" என்றே கேட்டுக்கொண்டிருக்கும். அது இருக்கவேண்டிய இடம், அறைக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்ட். அங்கேயும், இரண்டு டக்டையும் இணைக்கும் பைபாஸ் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னால், காற்று வரும் பக்கத்தில். பின்னால் வைத்தால் ஈரக்காற்றை அளந்து நேரத்தோடே நின்றுவிடும்.

வயரிங்கும் அரைகுறை. பேடுக்குத் தண்ணீர் விடும் மின் வால்வுக்கு, ஃபர்னஸோடு இணைக்காமல், 24 வோல்ட் எந்நேரமும் போய்க்கொண்டிருந்தது. ஃபர்னஸ் ஓடாத நேரத்திலும் மணிக்குப் பத்து லீட்டர் அளவில் தண்ணீர் சும்மா வடிகாலுக்கு. ஃபர்னஸ் போர்டில் ஹியூமிடிஃபையருக்கென்று 'ஹம்' (HUM) முனை இருந்தால் அதில் கொடுக்கலாம். ஆனால் சில ஃபர்னஸ்களில் அது 120 வோல்ட். வயரிங் படத்தைப் பார்க்காமல் கொடுத்தால் வால்வு எரியும்.

வெளிக்குளிருக்கு ஏற்ப ஹியூமிடிஸ்டாட் டயலைத் திருப்ப வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வெளியே மைனஸ் 7 என்றால் 35%, மைனஸ் 12க்கு 30%, மைனஸ் 18க்கு 25%, மைனஸ் 29க்கு 15%. இதுதான் உச்சம். பழைய யன்னல் என்றால் இன்னும் குறையுங்கள். வெளி சென்சார் உள்ள மாடல் தானாகவே மாற்றிக்கொள்ளும். டயல் திருப்ப மறப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

கோடையில் 6 அங்குல பைபாஸ் குழாயில் காற்றை அடைக்கும் தகட்டை (டாம்பர்) மூடுங்கள். திறந்திருந்தால் குளிர்காற்று வீட்டுக்குள் போகாமல் ரிட்டர்னுக்கே திரும்பி, ஏசியின் குளிர்ச் சுருள் (coil) உறைந்துவிடும். பேடை ஒவ்வொரு சீசனும் மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதற்கென்று வருட ஒப்பந்தம் விற்க வந்தால் வாங்காதீர்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒன்டாரியோவில் 10 நாளுக்குள் ரத்துச் செய்யலாம்.

வேலை முடிந்ததும் பெட்டிக்கு மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமே ஓடும், பேடில் பாதி காய்ந்தே கிடக்கும். பிராம்ப்டன் வீட்டில் அதுவும் சரிவுதான்.