ஸ்புட்னிக்: கைக்கெட்டும் விலையில் முப்பரிமாணம்

120 என்ற அகலமான சுருள் ஃபிலிமில் முப்பரிமாணப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஸ்புட்னிக். 1950களில் லெனின்கிராடில் தயாராகத் தொடங்கிய பேக்கலைட் என்ற பழைய வகைக் கெட்டி பிளாஸ்டிக்கால் ஆன கேமரா. மூன்று லென்ஸ்களும் பற்சக்கரங்களால் பிணைந்தவை. ஒன்றைத் திருகினால் மற்ற இரண்டும் கூடவே திரும்பும். அந்த அசைவைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. நடு லென்ஸ் காட்சியைப் பார்ப்பதற்கு மட்டும்; மற்ற இரண்டும் இடக்கண், வலக்கண் பார்வைக்கான ஜோடிப் படத்தை எடுக்கும். ஒரு சுருளுக்கு 6 ஜோடிப் படங்கள் கிடைக்கும்.

உட்புறப் பளபளப்புதான் பெருங்குறை. வெளிச்சம் உள்ளே சிதறிப் படம் வெளிறிவிடும். கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். நிழல்கள் அழுத்தமாக விழுந்தன. லென்ஸின் துளையைச் சுருக்கி, துளை எண்ணை எஃப் 11க்குக் குறையாமல் வைத்தால் ஓரங்களும் தெளிவாக வரும்.

வாங்குமுன் பின்மூடியைத் திறந்து, படமெடுக்கும் லென்ஸ்களில் ஒளியை உள்ளே விடும் இரண்டு ஷட்டர்களும் ஒருசேரத் திறக்கின்றனவா என்று அவசியம் பாருங்கள். ஓடும் குழந்தையைப் படமெடுக்க அது சரியாக இருந்தே தீர வேண்டும்.